பெரிய வங்கியா? கிறெடிற் யூனியனா?

(எமது சங்கத்தின் மாதாந்தக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரிலே ஏ.எல். சோதனை எழுதியதோடு என் படிப்பு முடிந்து விட்டது. இங்கே ஸ்காபரோவில் பிளாஸ்டிக் மூடி செய்கிற பக்ரறி ஒன்றில் மெசின் ஓட்டுகிறேன். போன மாதம் செயலாளர் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காசு விசயத்திலே நீ பட்டதை வந்து சனத்துக்குச் சொல்லு" என்றார். "அண்ணை, பட்டவன் சொல்லிறதைவிடப் படிச்சவன் சொன்னால் நல்லதுதானே" என்றேன். "படிச்சவன் சொன்னால் எங்கடை சனம் கேட்காது. பட்டவன் சொன்னால்தான் கேட்கும்" என்றார். ஆகவே வந்து நிற்கிறேன்.

நான் கனடாவுக்கு வந்தது 2011ஆம் ஆண்டு. ஒன்பதில் தொடங்கும் சமூகக் காப்புறுதி இலக்கம் தந்தார்கள். உங்களில் பலர் அந்த ஒன்பதாம் இலக்கத்தோடு வாழ்ந்தவர்கள். அதை நீட்டியவுடன் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பிளாசாவில் இருந்த ஒரு பெரிய வங்கியில் கணக்குத் திறந்தேன். மாதம் 11 டொலர் சொச்சம் கட்டணம் கழிப்பார்கள். 3,000 டொலர் எப்போதும் கணக்கில் கிடந்தால் கழிக்க மாட்டார்களாம். 3,000 டொலர் சும்மா கிடக்கிறவனுக்கு 11 டொலர் இலவசம், 30 டொலரோடு இருக்கிறவனுக்கு 11 டொலர் தண்டம். அதைக்கூட ஏன் என்று கேட்க எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது.

2013ஆம் ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில் என் பழைய காரின் கியர்பெட்டி உடைந்தது. இரவு ஷிவ்ற் வேலை. பஸ் ஓடாத நேரம். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. வங்கியில் போய் 1,000 டொலர் கடன் கேட்டேன். அந்தப் பெண்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். கொம்பியூட்டரைப் பார்த்தாள். "உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை" என்றாள். கடன் வாங்காமல் வாழ்ந்ததை எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே அதுவே குற்றமாகி விட்டது!

அதற்குப் பிறகு நான் போன இடம் உங்களுக்குத் தெரியும். மஞ்சள் விளக்குப் போட்ட கடை. சம்பளச் சீட்டைக் காட்டினால் பத்து நிமிடத்தில் காசு. பே டே லோன். அந்த நாளில் ஒன்ராறியோவில் 100 டொலருக்கு 21 டொலர் வரை அறவிடச் சட்டம் இடம் கொடுத்தது. நான் 500 டொலர் எடுத்தேன். இரண்டு கிழமையில் 605 டொலர் கட்ட வேண்டும். சம்பளம் வந்தது, 605 கட்டினேன், வாடகைக்குக் காசு இல்லை. மறுபடி 500 எடுத்தேன். இப்படி ஆறு தடவை. கணக்குப் பாருங்கள்: 500 டொலரைப் பன்னிரண்டு கிழமை வைத்திருந்ததற்கு நான் கட்டியது 630 டொலர். முதல் அப்படியே நிற்கிறது. அதற்குள் ஒரு முறை கணக்கில் காசு போதாமல் திரும்பியதற்கு என்னுடைய வங்கி 45 டொலர் வேறு கழித்தது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் பே டே லோனுக்கு 100 டொலருக்கு 14 டொலர்தான் உச்சம். ஆனால் 14 டொலர் என்பது இரண்டு கிழமைக்கு என்றால், வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 364 வீதம் வருகிறது. ஊரில் மீற்றர் வட்டிக்காரன்கூட வெட்கப்படுவான்.

எங்கள் பக்ரறியில் மெசின் திருத்துகிற டச்சுக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் இருப்பதைக் கண்டு விசாரித்தார். முழுவதையும் சொன்னேன். அவர் சொன்னார்: "என் தகப்பன் யுத்தம் முடிந்து இந்த நாட்டுக்கு வந்தபோது அவருக்கும் எந்த வங்கியும் கடன் தரவில்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள்." அவர் சொன்னது 1954இல் ரொறன்ரோவில் டச்சுக் குடியேறிகள் தொடங்கிய டூகா என்ற கிறெடிற் யூனியனை. அவர்கள் மட்டுமல்ல. உக்ரேனியர், எஸ்தோனியர், லித்துவேனியர் என்று எங்களைப்போல் ஊரை விட்டு ஓடி வந்த சனங்கள் இந்த நகரத்தில் தங்கள் தங்கள் கிறெடிற் யூனியனைக் கட்டி எழுப்பினார்கள்.

கிறெடிற் யூனியன் என்றால் என்ன? எங்கள் அப்பப்பாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஊரிலே அவருக்கு வெங்காயச் செய்கை. வெங்காயம் நடுகிற காலத்தில் அவர் கடன் எடுத்தது வங்கியில் அல்ல. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911ஆம் ஆண்டே வந்து விட்டது. சங்கக்கடை தெரியாத யாழ்ப்பாணத்தான் உண்டா? மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை தெரியாதவர்கள் உண்டா? பத்துப் பேரின் சிறுகாசைச் சேர்த்து, பதினோராவது ஆளின் அவசரத்துக்குக் கொடுப்பது. சேர்த்தவர்களே சொந்தக்காரர். அதுதான் விசயம். நாங்கள் இங்கே வந்து ஆங்கிலப் பெயரைக் கண்டவுடன் மிரண்டு போனோம்.

கனடாவில் இதைத் தொடங்கியவரின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பெயர் அல்போன்ஸ் டெஜார்டான். கியூபெக் மாகாணத்தில் லெவி நகரத்தவர். ஒட்டாவா நாடாளுமன்றத்தில் விவாதங்களைப் பிரெஞ்சு மொழியில் பதிவு செய்கிற உத்தியோகம். 1897இல் ஒருநாள் சபையில் ஓர் உறுப்பினர் எழும்பி, மொன்றியாலில் ஒருவன் 150 டொலர் கடனுக்கு 5,000 டொலர் வட்டி கட்டும்படி தீர்ப்பாகியிருக்கிறது என்று சொன்னார். மற்றவர்கள் கேட்டு விட்டு வீட்டுக்குப் போனார்கள். எழுதிக்கொண்டிருந்த மனிசன் அதை மறக்கவில்லை. 1900 டிசம்பரில் லெவியில் மக்கள் சேமிப்புச் சங்கத்தை அமைத்தார். 1901 ஜனவரியில் காசு வாங்கத் தொடங்கினார்கள். முதலில் வந்து விழுந்த வைப்பு 10 சதம். அன்று முழுக்கச் சேர்ந்தது 26 டொலர் 40 சதம். அவர் ஒட்டாவாவில் வேலையாக நின்ற காலங்களில் கணக்கு வழக்கைக் கொண்டு நடத்தியது அவருடைய மனைவி டோரிமேன். தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்!

சரி, என் கதைக்கு வருகிறேன். பெரியவர் சொன்ன சொல்லுக்கு, என் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கிறெடிற் யூனியனுக்குப் போனேன். உடனே காசைத் தூக்கித் தந்தார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பங்குப் பணம் கட்டி அங்கத்தவராகச் சொன்னார்கள். கிழமைக்கு 25 டொலர் சம்பளத்திலிருந்து சேமிக்கச் சொன்னார்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வேலைத்தலத்துக் கடிதமும் கேட்டார்கள். மூன்று மாதம் முடியப் போனபோது ஒரு மனிசன் என்னை இருத்தி, மேசையில் கடதாசி வைத்து, என் வரவு செலவை வரிவரியாக எழுதினார். ஒன்பதாம் இலக்கத்தைப் பார்த்தும் முகம் மாறவில்லை. 1,000 டொலர், 10 வீத வட்டி, ஒரு வருடம். மாதம் 88 டொலர் கட்டினேன். வருட முடிவில் மொத்த வட்டி ஏறக்குறைய 55 டொலர். மஞ்சள் விளக்குக் கடையில் பன்னிரண்டு கிழமைக்கு 630. இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு 55. அந்தக் கடனை ஒழுங்காகக் கட்டியபடியால் எனக்கும் ஒரு கடன் வரலாறு பிறந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இன்று கெட்டிக்காரனாக இந்த மேடையில் நின்றிருப்பேன். முடியவில்லை.

2019இல் எனக்குக் கலியாணம் சரிவந்தது. கையில் மொத்தமாகக் காசு வேண்டும் என்று ஒரு சீட்டில் சேர்ந்தேன். குலுக்குச் சீட்டு. 20 பேர், மாதம் 500 டொலர், 20 மாதம். தாச்சி எங்களுக்கெல்லாம் தெரிந்த ஆள். கோயிலில் முன்னுக்கு நிற்கிறவர். ஒரு கொப்பியில் பெயர் எழுதுவார், அதுதான் பத்திரம். ஓர் ஆள் குறைகிறது என்றார். நான் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கிற ஓர் அக்காவைச் சேர்த்து விட்டேன். அவ புருசனை யுத்தத்தில் பறிகொடுத்தவ. இரண்டு பிள்ளைகளோடு வந்து, பேக்கரியில் நின்று உழைக்கிறவ. "தம்பி, காசு பத்திரமோ?" என்று ஒருக்கால்தான் கேட்டவ. "பயப்பிடாதையுங்கோ அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஆள்" என்று சொன்னேன்.

பதின்மூன்று மாதம் கட்டினோம். 2020இல் கொரோனா வந்தது, பல பேருக்கு வேலை நின்றது, தாச்சியின் தொலைபேசியும் நின்றது. சீட்டு எடுத்து முடித்தவர்கள், "மிச்சத்தை நாங்கள் ஆரிட்டைக் கட்டிறது?" என்று கையை விரித்தார்கள். எடுக்காமல் இருந்தது ஏழு பேர். அதில் நானும் ஒருவன், அக்காவும் ஒருவர். ஆளுக்கு 6,500 டொலர்.

என்னுடைய காசு போனது எனக்குப் பெரிதல்ல என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் அதை நான் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது, அக்கா வாசலில் வந்து நின்று, சத்தம் போடாமல், "நீங்கள் சொன்னபடியால்தான் தம்பி போட்டனான்" என்று சொன்னது. அவ பேசியிருந்தால், ஏசியிருந்தால், எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்பர்களே, கிறெடிற் யூனியனில் கணக்கு வைத்திருந்த நான் ஏன் சீட்டுக்குப் போனேன்? பலமுறை யோசித்திருக்கிறேன். சீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், எங்கடை ஆள், எங்கடை பாசை. சீட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. சீட்டினால் வீடு வாங்கியவர்கள், பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். சீட்டும் கிறெடிற் யூனியனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் சட்டமும் கணக்காய்வும் காப்புறுதியும் நிற்கின்றன. மற்றதற்குப் பின்னால் ஒரு மனிதரின் சொல் மட்டும் நிற்கிறது.

அந்தக் காப்புறுதியைப் பற்றிச் சொல்லுகிறேன். "கிறெடிற் யூனியன் சின்னது, இருந்தாற்போல் இழுத்து மூடினால் என்ன செய்வது?" என்று பலரும் கேட்கிறீர்கள். வங்கியில் போடும் வைப்புக்கு மத்திய அரசின் வைப்புக் காப்புறுதி இருக்கிறது. 2005இல் அதை 60,000 டொலரிலிருந்து 100,000 டொலராக உயர்த்தினார்கள். கிறெடிற் யூனியன் மாகாணச் சட்டத்தின் கீழ் வருவதால், காப்புறுதியும் மாகாணத்துடையது. ஒன்ராறியோவில் 2018 முதல் சாதாரண வைப்புக்கு 250,000 டொலர் வரை காப்பு. ஓய்வூதியச் சேமிப்பு போன்ற பதிவுசெய்த கணக்குகளில் உள்ள வைப்புக்கு எல்லையே இல்லை. மற்ற மாகாணங்களில் கணக்கு வேறு, அங்கே இருக்கும் உறவினர் அங்கே விசாரிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காப்பு வைப்புக்குத்தான்; முதலீட்டுக்கு அல்ல. 2018இல் ஒன்ராறியோவில் ஒரு கிறெடிற் யூனியனின் நிர்வாகத்தை மாகாண வைப்புக் காப்புறுதி நிறுவனம் கையில் எடுத்தது. 2022இல் அது வேறொன்றோடு சேர்க்கப்பட்டது. வைப்பு வைத்தவர்களின் காசு பாதுகாக்கப்பட்டது. ஆனால் அதன் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் முதலீட்டுப் பங்குகளை வாங்கிய சனம் நட்டப்பட்டது. ஆகவே வங்கியோ யூனியனோ, காசைக் கொடுக்கும் முன், "இது காப்புறுதி உள்ள வைப்பா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

இனி நடுநிலையாகச் சொல்லுகிறேன். பெரிய வங்கியிலும் நன்மைகள் உண்டு.

ஒன்று: உரிய அடையாளப் பத்திரம் இருந்தால், வேலை இல்லை, போடக் காசு இல்லை என்ற காரணத்துக்காக ஒரு வங்கி உங்களுக்குக் கணக்குத் திறக்க மறுக்க முடியாது. அது மத்திய அரசின் சட்டம். புதிதாக வந்தவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டு: மாதம் 4 டொலருக்கு மேற்படாத குறைந்த கட்டணக் கணக்கு பெரிய வங்கிகளில் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். நான் இரண்டு வருடம் 11 டொலர் கட்டியது கேட்கத் தெரியாததால்.

மூன்று: காசு போதாமல் திரும்பினால் என்னிடம் 45 டொலர் கழித்தார்கள் என்றேன் அல்லவா? அதை 10 டொலருக்கு மட்டுப்படுத்தி, 2026 மார்ச் 12 முதல் நடைமுறைக்கு வரும்படி மத்திய அரசு 2025இல் விதி செய்தது. அந்த விதி வங்கிகளுக்கு. மாகாணத்தின் கீழ் உள்ள கிறெடிற் யூனியனை அது கட்டுப்படுத்தாது. ஆகவே அங்கே எவ்வளவு என்று கேட்டுப் போட்டே கையெழுத்து வையுங்கள்.

நான்கு: கிளையும் காசு எடுக்கும் மெசினும் வங்கிக்குக் கூட. என் யூனியனின் கிளை இப்போது இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் 40 நிமிடம்.

வீட்டுக் கடனைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுகிறேன். நானும் மனைவியும் சின்ன அப்பாட்மன்ற் ஒன்று வாங்கியபோது இரண்டு இடத்திலும் கேட்டோம். பெரிய வங்கி கால் வீதம் குறைத்துத் தந்தது. 300,000 டொலரில் கால் வீதம் என்றால் முதல் வருடத்தில் ஏறக்குறைய 750 டொலர். வங்கியில்தான் எடுத்தேன். நன்றிகெட்டவன் என்று நினையாதீர்கள், யூனியன்காரரே "அதை எடுங்கோ" என்றுதான் சொன்னார். சிலர், "யூனியனிலே வருமானச் சோதனை இறுக்கமில்லை, கூடக் கடன் எடுக்கலாம்" என்கிறார்கள். 2018இல் இறுக்கிய மத்திய விதி மாகாண யூனியன்களை நேராகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. பல யூனியன்கள் தாங்களாகவே அப்படிச் சோதிக்கின்றன. ஆனால் கூடக் கடன் கிடைப்பது நன்மை அல்ல. கட்டப் போகிறவன் நீங்கள்.

அப்படியென்றால் யூனியனில் என்ன விசேசம்? வங்கியில் உங்கள் பெயர் வாடிக்கையாளர். யூனியனில் நீங்கள் அங்கத்தவர். வங்கியில் எத்தனை பங்கோ அத்தனை வாக்கு. யூனியனில் 100 டொலர் வைத்தவருக்கும் ஒரு வாக்கு, இலட்சம் வைத்தவருக்கும் ஒரு வாக்கு. வருடாந்தக் கூட்டத்தில் நான் போய் இருந்து, கை தூக்கி, கட்டணத்தை ஏன் கூட்டினீர்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன். மறுமொழி சொன்னார்கள். எங்களுக்கு இது சின்ன விசயமா? வாக்குப் போட்டும் ஒன்றும் நடவாத நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

என் முடிவு இதுதான். சம்பளமும் சேமிப்பும் அவசரக் கடனும் யூனியனில். வீட்டுக் கடன் எங்கே மலிவோ அங்கே. மஞ்சள் விளக்குக் கடைக்கு ஒருக்காலும் போகக் கூடாது. சீட்டுப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால், இழந்தால் தாங்கக்கூடிய காசுக்கு, எழுத்தில் கையொப்பத்தோடு. மற்றவர்களைச் சேர்த்து விடாதீர்கள். உங்கள் காசுக்கு நீங்கள் பொறுப்பு. உங்கள் சொல்லை நம்பிப் போட்டவரின் காசுக்கு யார் பொறுப்பு?

அதற்கு நான் கண்ட மறுமொழி ஒன்றுதான். அக்காவுக்கு மாதம் 100 டொலர் கொடுத்து வருகிறேன். முதலில் வாங்க மாட்டேன் என்றா. மனைவி போய் இருந்து கதைத்த பிறகு வாங்கினா. 4,300 கொடுத்து விட்டேன், இன்னும் 2,200 இருக்கிறது. இதை இங்கே சொல்ல அவவிடம் உத்தரவு கேட்டேன். "பேரைச் சொல்லாமல் சொல்லுங்கோ, மற்றச் சனமாவது பிழைக்கட்டும்" என்றா. அந்தக் காசு முழுவதையும் அவ யூனியனில் தன் பெயரில் போட்டு வைத்திருக்கிறா. மூத்த பிள்ளை கொலிஜ் போகிறபோது எடுப்பாவாம்.

போன வருசப் பிறப்புக்குக் கீழே போனபோது, அக்கா என் மகளுக்கு வெற்றிலையில் வைத்து 5 டொலர் கைவிசேடம் தந்தா. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த 5 டொலரைக் கொண்டு போய் மகளின் பெயரில் கணக்குத் திறந்தேன். லெவியில் 10 சதத்தில் தொடங்கினார்கள், நாங்கள் 5 டொலரில் தொடங்கியிருக்கிறோம். வருகிற சித்திரைக்கு உங்கள் பிள்ளைகளின் கைக்கு வருகிற கைவிசேடத்தை நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எந்தக் கதவு என்பது உங்கள் விருப்பம். பெயர் மட்டும் பிள்ளையின் பெயராக இருக்கட்டும்.

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. கணக்குத் திறக்க, கடதாசி நிரப்ப, பாசை தெரியாமல் தயங்குகிறவர்கள் சங்கத்தில் பெயரைக் கொடுத்தால் கூட வருவேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் கேட்கத் துணிவு வரும். 2013இல் எனக்கு அந்தத் துணிவு தந்தவர் ஒரு டச்சுக்காரர். உங்களுக்கு ஒரு தமிழன் இருக்கட்டும்.